மெட்ரோவுக்கு ஒரு புத்தகம், ஞாயிற்றுக்கிழமைக்கு ஒரு புத்தகம்

பெங்களூரில் தமிழ் வாசகர்கள் சந்தித்துக்கொண்டால் இரண்டு புலம்பல்கள் தவறாமல் வரும். படிக்க நேரமில்லை என்பது ஒன்று. இங்கே தமிழ்ப் புத்தகம் கிடைப்பதில்லை என்பது இன்னொன்று. இரண்டாவது புலம்பலில் பாதிதான் உண்மை. முதலாவது பெரும்பாலும் இருக்கிற நேரத்துக்குப் பொருந்தாத புத்தகத்தைக் கையில் எடுப்பதால் வருவது. இருபது இருபது நிமிடமாக நேரம் கிடைக்கிறவர் அறுநூறு பக்க நாவலைத் திறந்தால் நாற்பதாம் பக்கத்திலேயே நின்றுவிடுவார். அப்புறம் நாவல் சரியில்லை என்பார், இல்லாவிட்டால் தனக்குப் பொறுமை இல்லை என்பார். நேரத்தை முதலில் அளந்துகொண்டு, பிறகு புத்தகத்தைத் தேடுவதுதான் இந்த ஊருக்கு ஒத்துவருகிற வழி.

அளப்பது சுலபம். நீங்கள் வழக்கமாகப் படிக்கிற இடத்தில், வீட்டு நாற்காலியில் அல்ல, பத்துப் பக்கம் படிக்க எத்தனை நிமிடம் ஆகிறது என்று இரண்டு மூன்று முறை பாருங்கள். பதினெட்டு நிமிடம் என்று வைத்துக்கொள்வோம். ஒயிட்ஃபீல்டிலிருந்து மெஜஸ்டிக் வரை மெட்ரோவின் பர்ப்பிள் லைனில் ஏறத்தாழ ஐம்பது நிமிடம். இடம் பிடித்து உட்காரவும், இறங்கத் தயாராகவும் பத்து நிமிடம் போய்விடும். மீதி நாற்பதில் இருபத்திரண்டு பக்கம் படிக்கலாம். இப்போது கேள்வி எளிதாகிவிட்டது: இருபத்திரண்டு பக்கத்துக்குள் தொடங்கி முடிகிற விஷயம் எது?

சிறுகதை என்று உடனே தோன்றும். சரிதான், ஆனால் எல்லாச் சிறுகதையும் இல்லை. அசோகமித்திரன் கதைகள் மெட்ரோவுக்கு அளவெடுத்த மாதிரி இருக்கும். வாக்கியம் சின்னது, ஆர்ப்பாட்டம் கிடையாது, நடுவில் அறிவிப்புக் குரல் குறுக்கிட்டாலும் விட்ட இடத்தைப் பிடித்துவிடலாம். ‘புலிக்கலைஞன்’ ஒரு பயணத்தில் முடிந்து, அலுவலகம் போய்ச் சேரும் வரை மனசில் ஓடிக்கொண்டிருக்கும். இன்னொரு சிறுகதை எழுத்தாளரான மௌனி அப்படி இல்லை. ஒரு பத்தியை இரண்டு முறை படிக்க வைப்பார். இந்திரா நகரில் ஏறுகிற கூட்டத்துக்கு நடுவே அது நடக்காது. மௌனியைக் கூட்டத்தில் படித்துவிட்டு ‘புரியவில்லை’ என்பவர்களுக்குச் சொல்ல ஒன்றுதான் உண்டு: இடத்தை மாற்றிப் பாருங்கள்.

சிறுகதையைவிடவும் பயணத்துக்குப் பொருந்துவது தொடராக வந்த நாவல். வாரப் பத்திரிகைக்காக எழுதும்போது ஒவ்வொரு அத்தியாயமும் ஒரு மூச்சில் படிக்கிற அளவில், கொக்கி போட்டு நிற்கும்படி அமையும். ‘பொன்னியின் செல்வன்’ 1950 முதல் 1954 வரை கல்கி இதழில் அப்படி வந்தது. மொத்தம் 293 அத்தியாயங்கள். போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று என்றால் 147 வேலை நாள், சுமார் ஏழு மாதம். ஐந்து பாகத்தையும் ஒரே விடுமுறையில் விழுங்குவதைவிட இதுதான் அந்த நாவலுக்கு நியாயம் என்பேன். தி. ஜானகிராமனின் ‘மோகமுள்’ தடிமனைப் பார்த்துப் பயப்படுகிறவர்கள், அதுவும் சுதேசமித்திரனில் தொடராக வந்ததுதான் என்பதை நினைவில் வைத்துக்கொள்ளலாம். துண்டு துண்டாகப் படித்தாலும் கதை நடக்கிற கும்பகோணம் கலையாது.

சுந்தர ராமசாமியின் ‘ஜே.ஜே: சில குறிப்புகள்’ விசித்திரமான ஒன்று. முதல் பகுதிக்கு ஒரே அமர்வில் இரண்டு மணி நேரமாவது வேண்டும். அது வாதம் மேல் வாதமாக வளர்வது, நடுவில் விட்டால் இழை அறுந்துவிடும். பின்பகுதி, நாவலின் நாயகனான எழுத்தாளன் ஜே.ஜே.யின் நாட்குறிப்பு. அதைப் பயணத்தில் தாராளமாகப் படிக்கலாம், தினமும் நாலு பக்கம்கூடப் போதும். அதனால் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் தொடங்கி, மீதியைத் திங்கட்கிழமை பைக்குள் போட்டுக்கொள்வது நல்ல ஏற்பாடு.

பஸ்ஸில் படிக்கலாமா என்று கேட்பவர்களுக்கு: வேண்டாம். அவுட்டர் ரிங் ரோட்டில் வண்டி நிற்கும்போது படிக்கலாம்போலத் தோன்றும். ஆனால் நின்று நின்று போகிற அசைவில்தான் தலை சுற்றும். கண் அசையாத பக்கத்தைப் பார்க்கிறது, காது அசைவை உணர்கிறது. இரண்டும் ஒத்துப்போகாமல் குமட்டல் வருகிறது. பஸ் பயணிகளுக்கு ஒலிப் புத்தகம்தான்.

நின்றுகொண்டு படிப்பவர்களுக்கு அளவு முக்கியம். தமிழில் பெரும்பாலான புத்தகங்கள் டெமி அல்லது கிரவுன் அளவில் வருகின்றன. டெமி ஏறத்தாழ 14க்கு 21.5 சென்டிமீட்டர், கிரவுன் 12.5க்கு 18. ஒரு கையால் கம்பியையும் மறு கையால் புத்தகத்தையும் பிடிக்க கிரவுன்தான் வசதி. இருநூறு பக்கத்தைத் தாண்டிய டெமி புத்தகத்தை ஒற்றைக் கையில் பிடிக்கும்போது கட்டைவிரல் நடுவில் அழுந்தி முதுகு வெடிக்கும். இப்போது வருகிற பேப்பர்பேக்குகளில் தையல் இல்லை; தாள்களின் விளிம்பைச் சீவிச் சூடான பசையில் ஒட்டிவிடுகிறார்கள். அந்தப் பசை காய்ந்து விறைப்பாக இருக்கும். புதுப் புத்தகத்தை நடுவில் பட்டென்று பிரிக்காமல், மேசையில் முதுகு படும்படி நிறுத்தி, முன்பக்கத்திலிருந்து பத்துத் தாள், பின்பக்கத்திலிருந்து பத்துத் தாள் என்று மாறி மாறி மெல்ல அமர்த்திக்கொண்டே நடுவுக்கு வாருங்கள். மூன்று நிமிட வேலை. செய்யாவிட்டால் ஆறே மாதத்தில் தாள் தாளாகக் கையோடு வரும்.

வாங்கும் இடத்திலேயே பார்க்க வேண்டியது இன்னும் உண்டு. புத்தகம் பதினாறு பதினாறு பக்கம் கொண்ட ஃபாரங்களாக அச்சாகிறது. ஒரு ஃபாரம் விடுபடுவதும், ஒன்றே இரண்டு முறை சேர்வதும் இன்னும் நடக்கிறது. எல்லாப் பக்கத்தையும் புரட்ட வேண்டியதில்லை. 16, 32, 48 என்று பதினாறின் மடங்குகளில் அடுத்த பக்கம் சரியாகத் தொடர்கிறதா என்று மட்டும் பார்த்தால் போதும். முன்னுரைக்குத் தனி எண் போட்டிருந்தால் இந்தக் கணக்கு கொஞ்சம் தள்ளிப்போகும். முதல் ஃபாரம் முடிகிற ஒட்டு எங்கே என்று கண்டுபிடித்து அங்கிருந்து எண்ணுங்கள். சென்னையிலிருந்து வரவழைத்த புத்தகமானால் வந்த அன்றே இதைச் செய்துவிட வேண்டும். எட்டு மாதம் கழித்து 129ஆம் பக்கத்தைக் காணோம் என்று எழுதினால் யார் மாற்றித் தருவார்கள்?

நாட்டுடைமையான எழுத்தாளர்களிடம் வேறு சிக்கல். கல்கியை யார் வேண்டுமானாலும் அச்சிடலாம் என்பதால் பத்துப் பதினைந்து பதிப்புகள் சந்தையில் கிடக்கின்றன. சிலவற்றில் எழுத்துப் பிழை மட்டுமல்ல, அத்தியாயமே சுருங்கியிருக்கும். ‘பொன்னியின் செல்வ’னைச் சரிபார்க்க, பாகவாரியாக அத்தியாயக் கணக்கு: புது வெள்ளம் 57, சுழற்காற்று 53, கொலை வாள் 46, மணிமகுடம் 46, தியாகச் சிகரம் 91. பொருளடக்கத்தின் கடைசி எண்ணைப் பாகம் பாகமாகப் பாருங்கள். குறைந்தால், அட்டையில் எங்கேயாவது ‘சுருக்கம்’ என்று பொடி எழுத்தில் இருக்கும். புதுமைப்பித்தனுக்கு இந்த அலைச்சல் வேண்டாம். ஆ. இரா. வேங்கடாசலபதி பதிப்பித்த காலச்சுவடு தொகுப்பு இருக்கிறது. கதை எப்போது எங்கே வெளியானது, கதையின் வாசகம் எங்கே மாறியது என்ற விவரங்களோடு வந்த பதிப்பு. கனம் அதிகம், பைக்குள் தூக்கிப் போகிற சரக்கு இல்லை. வீட்டில் அதையும், பயணத்துக்கு ஒரு மலிவுத் தொகுப்பையும் வைத்துக்கொள்வது ஆடம்பரம் ஆகாது.

இனி, கிடைக்கும் இடம். அல்சூர் ஏரிப் பக்கம் பெங்களூர்த் தமிழ்ச் சங்கத்தில் நூலகம் இருக்கிறது. ஹலசூரு மெட்ரோவில் இறங்கி ஆட்டோ பிடிக்கலாம். விலைக்குக் கிடைக்காத பழைய பதிப்புகளை இப்படிப்பட்ட நூலகத்தில்தான் முதலில் தேட வேண்டும். அவென்யூ ரோடு பழைய புத்தகக் கடைகளுக்குச் சிக்பேட்டை நிலையம் பக்கம். அங்கே பரீட்சை கைடுகளும் இன்ஜினியரிங் புத்தகங்களும்தான் மலையாகக் குவிந்திருக்கும். தமிழ் தேடிப் போகிறவர் ஒரு மணி நேரத்தை வீணாக்கத் தயாராகப் போக வேண்டும். சர்ச் ஸ்ட்ரீட்டின் பிரபலமான கடைகளில் ஆங்கிலம்தான் பிரதானம். தமிழ் நாவல்களின் ஆங்கில மொழிபெயர்ப்பு வேண்டுமென்றால் அங்கே போகலாம், மூலம் வேண்டுமென்றால் வேறு வழிதான்.

அந்த வேறு வழி, கூட்டாக வரவழைப்பது. ஒரு புத்தகத்துக்கு கூரியர் கொடுத்தால் விலையில் கால் பங்கு அதிலேயே போகும். நாலு பேர் சேர்ந்து, ஒரே பதிப்பகத்தில், இரண்டு மாதத்துக்கு ஒரு முறை ஆர்டர் போடுங்கள். எடையை முன்கூட்டியே கணக்கிடலாம்: 70 ஜிஎஸ்எம் (சதுர மீட்டருக்கு 70 கிராம்) தாளில் 250 பக்க டெமி புத்தகம் அட்டையோடு 300 கிராமுக்குப் பக்கத்தில் வரும். பெரிய ஆர்டர்களைச் சென்னை புத்தகக் காட்சிக்கு, அதாவது ஜனவரிக்கு, ஒதுக்கி வையுங்கள். அங்கே பத்து சதவீதம் தள்ளுபடி உண்டு. பொங்கலுக்கு ஊருக்குப் போகிறவர் கையில் பட்டியலைக் கொடுத்தனுப்பினால் கூரியரும் மிச்சம். பட்டியலில் நூலின் பெயரோடு பதிப்பகத்தின் பெயரையும் எழுதுங்கள். வெறும் ‘சாயாவனம்’ என்று எழுதினால் எந்தப் பதிப்பு கையில் சிக்குகிறதோ அதுதான் வரும்.

இலவச மின்னூல்களும் உண்டு. இணையத்தில் மதுரைத் திட்டம் 1998 முதல் தட்டச்சு செய்த நூல்களைத் தந்துவருகிறது. தமிழ் மின் நூலகத்தில் ஸ்கேன் செய்த பழைய பதிப்புகள் கிடைக்கும். ஸ்கேன் பிடிஎஃப்பைக் கிண்டிலில் போட்டுவிட்டுப் படிக்க முடியவில்லை என்று ஒதுக்கிவிடுகிறவர்கள் அதிகம். காரணம் வெறும் அளவு. டெமி பக்கம் 14 சென்டிமீட்டர் அகலம், ஆறு அங்குலத் திரையின் அகலம் 9. எழுத்து மூன்றில் இரண்டாகச் சுருங்கிவிடுகிறது. கொம்பும் சுழியும் கலங்கி, ‘ன’வும் ‘ண’வும் ஒன்றாகத் தெரிகின்றன. கிண்டிலைப் படுக்கவாட்டில் திருப்பினால் அகலம் 12 ஆகும். கணினியில் ஓரங்களை வெட்டிவிட்டு அனுப்பினால் கிட்டத்தட்ட அச்சு அளவே வந்துவிடும். ஒரு பக்கத்தை இரண்டு தடவையாகப் புரட்ட வேண்டியிருக்கும், அவ்வளவுதான். தட்டச்சு செய்த நூல் என்றால் பிடிஎஃப்பைத் தொடவே வேண்டாம், திரைக்கேற்ப எழுத்து அமைகிற ஈபப் வடிவத்தை எடுங்கள். கிண்டிலின் தமிழ் எழுத்துரு பிடிக்காவிட்டால், கணினியோடு இணைத்து அதன் ‘ஃபான்ட்ஸ்’ ஃபோல்டரில் நோட்டோ செரிஃப் தமிழ் போன்ற ஒன்றைப் போட்டுக்கொள்ளலாம்.

இந்த ஊரில் வளர்ந்தவர்களுக்கென்றே ஒரு பிரச்சினை இருக்கிறது. பள்ளியில் கன்னடமும் இந்தியும் ஆங்கிலமும். வீட்டில் தமிழ் பேச்சு மட்டும். முப்பது வயதில் எழுத்துக் கூட்டத் தொடங்குகிறார்கள். இவர்களுக்குக் குழந்தைப் புத்தகம் வாங்கிக் கொடுப்பது பெரிய தப்பு. பெரிய எழுத்தில் நரியும் திராட்சையும் படிக்க எந்த முப்பது வயதுக்காரருக்கும் பொறுமை இருக்காது. அசோகமித்திரனின் ‘தண்ணீர்’ நல்ல தொடக்கம். சின்ன நாவல், சின்ன வாக்கியங்கள், சென்னையின் குடமும் பம்பும் சண்டையும். 2024 கோடையில் டேங்கர் லாரிக்காகக் காத்திருந்த பெங்களூர்க்காரருக்கு அதை விளக்க வேண்டியதே இல்லை. அ. முத்துலிங்கத்தின் கட்டுரைகள் அடுத்த படி.

இவர்கள் எங்கே தடுக்கி விழுகிறார்கள் என்பதும் தெரிந்ததுதான். முதலாவது சொற்கள் ஒட்டிச் சேர்கிற புணர்ச்சி: ‘போய்க்கொண்டிருந்தவர்களையெல்லாம்’ என்று ஒரே சொல்லாக வரும்போது கண் திகைத்து நிற்கும். பென்சிலால் போய்க்/கொண்டிருந்தவர்களை/யெல்லாம் என்று கோடு போட்டுப் படிக்கலாம்; இருபது முப்பது பக்கத்தில் கண் தானாகவே பிரிக்கப் பழகும். இரண்டாவது பேச்சு வழக்கு. உரையாடல் நிறைந்த நாவல் சுலபமாக இருக்கும் என்று நினைத்து, ஜானகிராமனையோ கி. ராஜநாராயணனையோ கொடுத்துவிடுகிறோம். புதிதாகப் படிப்பவர் எழுத்து உருவத்தைப் பார்த்துத்தான் சொல்லை அடையாளம் காண்கிறார். ‘வந்துண்டிருக்கேன்’ அவர் கண்ணுக்கு முன்பின் பார்த்திராத சொல். ஆனால் காதுக்கு அது ரொம்பப் பழக்கம். ஆகவே வட்டார வழக்கு வருகிற பக்கங்களை வாய்விட்டுப் படிக்கச் சொல்லுங்கள், தினம் இரண்டு பக்கம். ‘கோபல்ல கிராமம்’ மௌனமாகப் படித்தால் முள், சத்தமாகப் படித்தால் பாட்டி பேசுவதுபோல இருக்கும். அதற்கும் மேல் சொல் தெரியாவிட்டால் கி.ரா.வே தொகுத்த கரிசல் வட்டார வழக்குச் சொல்லகராதி இருக்கிறது.

பெங்களூரில் இருந்துகொண்டு படிக்கிறோம் என்பதால் கூடுதலாக ருசிக்கிற நூல்களும் உண்டு. ஜாலஹள்ளி பாரத் எலெக்ட்ரானிக்ஸில் வேலை பார்த்துக்கொண்டே சுஜாதா எழுதித் தள்ளியதெல்லாம் இந்த ஊரில்தான். ஆதவனை எல்லோரும் டெல்லி எழுத்தாளர் என்பார்கள். ‘காகித மலர்கள்’ டெல்லி நாவல்தான். ஆனால் கடைசிக் காலத்தில் அவர் வேலை பார்த்த ஊர் பெங்களூர். 1987இல் சிருங்கேரியில் துங்கை ஆறு அவரைக் கொண்டுபோனது. ‘என் பெயர் ராமசேஷ’னை இன்றைய ஐ.டி. இளைஞன் கையில் கொடுத்துப் பாருங்கள், தன்னைப் பற்றித்தான் எழுதியிருக்கிறது என்பான். சிட்டியும் ஜானகிராமனும் சேர்ந்து எழுதிய ‘நடந்தாய் வாழி காவேரி’ குடகிலிருந்து கடல் வரை ஆற்றோடு போவது. வார இறுதியில் மடிகேரிப் பக்கம் வண்டி எடுக்கிறவர்கள் பையில் அதை வைத்துக்கொள்ளலாம்.

கன்னடத்திலிருந்து வந்தவை தனி வரிசை. இங்கேயே வசித்து எழுதிவருகிற பாவண்ணன், எஸ்.எல். பைரப்பாவின் ‘பர்வ’வைப் ‘பருவம்’ என்று தமிழாக்கி சாகித்ய அகாதெமியின் மொழிபெயர்ப்புப் பரிசு பெற்றவர். மாயமந்திரம் எல்லாம் உரித்துவிட்ட மகாபாரதம் அது. தலையணை அளவு, நீண்ட விடுமுறைக்கு மட்டும். விவேக் ஷான்பாக்கின் ‘காச்சர் கோச்சர்’ நேர் எதிர். கே. நல்லதம்பியின் தமிழில், பெங்களூர்க் குடும்பம் ஒன்றுக்கு மசாலா வியாபாரத்தில் திடீரென்று பணம் வந்து சேர்ந்தபின் என்ன ஆகிறது என்பது கதை. சின்ன நாவல், சனிக்கிழமை மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எடுத்தால் விளக்கு வைக்கும் நேரத்துக்குள் முடிந்துவிடும். எனக்கு இதுதான் இந்த ஊரின் ஆகச் சிறந்த நாவல். பருவத்தின் ரசிகர்கள் சண்டைக்கு வரலாம்.

குறிப்பு எடுக்கிறவர்களுக்கு ஒன்றிரண்டு. 60 ஜிஎஸ்எம் தாளில் பேனா மறுபக்கம் தெரியும், ஹைலைட்டர் இன்னும் மோசம். 2பி பென்சில் அழுத்தாமலே எழுதும், அழித்தால் தடமும் இருக்காது. வரியை அடிக்கோடிடுவதைவிட, கடைசி வெற்றுப் பக்கத்தில் பக்க எண்ணையும் இரண்டு சொல்லையும் எழுதி வைப்பது பின்னால் உதவும்; தமிழ் நாவல்களில் சொல்லடைவு இருப்பதில்லை, நாமே போட்டுக்கொண்டால்தான் உண்டு. ஒட்டுத் தாள்களைப் படித்து முடித்ததும் எடுத்துவிடுங்கள், ஆண்டுக்கணக்கில் விட்டால் பசை தாளில் தங்கும்.

பெங்களூரில் புத்தகத்துக்கு ஜூன் முதல் அக்டோபர் வரையிலான மழைதான் எதிரி. குளியலறைச் சுவரை ஒட்டியும் மேற்குப் புறச் சுவரை ஒட்டியும் அலமாரி வைக்காதீர்கள். வேறு இடமில்லை என்றால் சுவருக்கும் அலமாரிக்கும் நடுவே ஐந்து சென்டிமீட்டர் விடுங்கள். புத்தகங்களை இறுக்கி அடுக்கினால் காற்று புகாது. ஒரு விரல் நுழைகிற இடமாவது வேண்டும். புத்தகத்தை அரிக்கிற ராமபாணப் பூச்சிக்கு ஈரமும் பழைய பசையின் மாவும்தான் சாப்பாடு. வசம்பும் வேப்பிலையும் வரவிடாமல் ஓரளவு தடுக்கும், வந்துவிட்டதை அழிக்காது. அவென்யூ ரோட்டில் வாங்கிய பழைய புத்தகத்தை நேராக அலமாரிக்குக் கொண்டுபோகாமல், ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறையில் காற்றை வெளியேற்றி மூடி, ஃப்ரீசரில் இரண்டு வாரம் வையுங்கள். வெளியே எடுத்ததும் உறையைப் பிரித்துவிடக் கூடாது. குளிர்ந்த தாளில் அறைக் காற்றின் ஈரம் வந்து படிந்து, எந்தத் தொல்லைக்குப் பயந்தோமோ அதையே வரவழைத்த மாதிரி ஆகிவிடும். ஒரு நாள் முழுக்க உறையோடு வெளியே கிடக்கட்டும். பிறகு பிரித்து, முதுகுக்கும் அட்டைக்கும் நடுவிலுள்ள இடுக்கை ஒரு காய்ந்த பெயின்ட் பிரஷால் தட்டிச் சுத்தம் செய்துவிட்டு அலமாரியில் வையுங்கள்.